சுந்தரராஜன் தேய்த்த என்ஜின்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் அந்த ஹவுசிங் குடியிருப்புக்குள் நுழைந்து சுந்தரராஜன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று புரியாது. இன்ஜினியர் பாபு என்று கேட்டால் வாட்ச்மேன் மூன்றாவது மாடியைக் காட்டுவார். இத்தனைக்கும் அவர் இன்ஜினியர் இல்லை. துறைமுகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். கிரேனுக்கும் இழுவைப் படகுக்கும் வேண்டிய உதிரி பாகங்களின் பெயர், அளவு, பட்டியல் எண் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் ஒரு நட்டைக்கூடத் தன் கையால் முடுக்கியது கிடையாது. பெயர் தெரிந்தவருக்கு வேலையும் தெரியும் என்று முதலில் அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். நாளாவட்டத்தில் அவரே நம்பிவிட்டார். ஆரம்பத்திலேயே திருத்தியிருக்கலாம்தான், கேட்கச் சுகமாக இருக்கும் பட்டத்தை யார் திருத்துவார்கள்?

அர்ஜுனன் மட்டும் அவரை "சார்" என்பான். அவன் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கிதிர்ப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அர்ஜுனன் கிதிர்ப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, உல்டாடாங்காவில் சின்னதாக ஒரு மெக்கானிக் கடை வைத்திருந்தான். வயசு நாற்பத்தைந்து இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால், "நம்ம போர்ட்டுப் பிள்ளை, கை சுத்தம்" என்று சொல்லி அவனை ஹவுசிங்குக்குள் கூட்டி வந்தவர் சுந்தரராஜன்தான். இப்போது அங்கே நிற்கிற இருபத்தாறு கார்களில் இருபதையாவது அவன் கைதான் பார்க்கிறது. அவன் குடும்பம் பாதி ஓடுவதே அந்தக் கேட்டுக்குள் கிடைக்கும் வேலையில்தான். இது சுந்தரராஜனுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் நடந்ததற்கு, தெரியாமல் செய்தேன் என்று அவர் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

விஷயம் ஹவுசிங் செக்ரெட்டரி ரஞ்சன் பாபுவின் பழைய காரில் தொடங்கியது. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாமல் குறைந்துகொண்டிருந்தது, பின்னால் வெள்ளைப் புகை வேறு. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும், கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் தகடு போய்விட்டது என்றான் அர்ஜுனன். காரைக் கடைக்கு அனுப்ப ரஞ்சன் பாபுவுக்கு மனசில்லை. வீட்டுக் கராஜிலேயே செய்யட்டும், ஆனால் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அவருக்கு செக்டர் ஃபைவில் ஆபீஸ். "இன்ஜினியர் பாபு, நீங்க ஒரு கண் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுந்தரராஜன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

விஸ்வகர்மா பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. பூஜையன்று கொல்கத்தாவில் எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டான், அதனால் அதற்குள் முடிக்கவேண்டும் என்று அர்ஜுனனுக்கு அவசரம். அவசரம் இருந்தும் அவன் வேலையில் அது தெரியவில்லை. பாட்டரி ஒயரைக் கழற்றினான். என்ஜின் நன்றாக ஆறும்வரை தொடவில்லை. ஹெட்டைத் தூக்கிய பிறகு பிளாக்கில் வாய் திறந்திருந்த ஒவ்வொரு குழியிலும், சின்ன ஓட்டைகளிலும்கூட, சுத்தமான துணியைத் திணித்தான். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஏதோ மருந்தைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாகச் சுரண்டினான். கடைசியில் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தான். கராஜ் கதவு இரண்டையும் திறந்து போட்டிருந்தான். வாட்ச்மேன் பீடியோடு எட்டிப் பார்த்தபோது வெளியே விரட்டினான்.

எல்லாம் முடிந்தும் பிளாக்கின் மேல் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை இருந்தது.

"இவ்வளவுதான் சார். இதுக்கு மேல நான் தேய்க்க மாட்டேன்" என்றான் அர்ஜுனன். "கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். விரல் வெச்சா மேடு தட்டக் கூடாது, அதுதான் கணக்கு. நான் மாணிக்தலா போயி லேத்துக்கார சைதன்யாதா கிட்டேர்ந்து ஹெட்டை எடுத்துட்டு வந்துடறேன். லேத்துல மட்டம் பார்க்கக் குடுத்திருக்கேன். யாரையும் இதுல கை வைக்க விடாதீங்க சார்."

"நான் இருக்கேன், நீ போயிட்டு வா" என்றார் சுந்தரராஜன்.

அவன் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியது. சுந்தரராஜன் பத்து நிமிஷம் பேப்பர் பார்த்தார். பிறகு அந்தக் கறையைப் பார்த்தார். அவர் வீட்டில் நவராத்திரி வந்தால் மனைவி வசுமதி வெண்கல விளக்கையும் பித்தளைக் குடத்தையும் தேய்க்கிற தேய்ப்பில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். கறையோடு ஒரு உலோகத்தை விட்டுவிட்டுப் போவது அவர் கண்ணுக்கு அரைகுறை வேலையாகப் பட்டது. சாயங்காலம் ரஞ்சன் பாபு வந்து, என்ன இன்ஜினியர் பாபு, இப்படியே மூடிட்டானா என்று கேட்டால் என்ன சொல்வது என்று வேறு தோன்றியது. வசுமதி கொலுவுக்குச் சாமான் வாங்க லேக் மார்க்கெட் போயிருந்தாள். சுந்தரராஜன் மேலே போய், அடுக்களையில் பிரிக்காமல் இருந்த, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

தினம் சாப்பிடுகிற தட்டைத் தேய்க்கிற நார்தானே, அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்பது அவர் எண்ணம். உப்புத்தாள் மாதிரியான எமரி காகிதம் என்றால் அவர் தொட்டிருக்கவே மாட்டார். ஓரங்களில் தேய்க்கத் திணித்திருந்த துணி இடைஞ்சலாக இருந்தது. ஒவ்வொன்றாக உருவி வைத்துவிட்டு, கால் மணி நேரம் மூச்சு வாங்கத் தேய்த்தார். எவர்சில்வர் மாதிரி மினுங்கியது. மேலே துடைத்துவிட்டு, துணிகளைப் பழையபடி திணித்தார். நார் பாதிக்குப் பாதி தேய்ந்து கறுத்துப் போயிருந்தது. அந்தத் தேய்ந்த பாதி எங்கே போனது என்று அவர் யோசிக்கவில்லை.

அர்ஜுனன் ஹெட்டோடு திரும்பி வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிளாக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்ன சார் இது, பளபளன்னு இருக்கு?"

அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதைப் பார்த்ததும், சுந்தரராஜன் பெருமையாகச் சொல்லத் தயாராக வைத்திருந்த பதில் உள்ளேயே நின்றுவிட்டது.

"சும்மா துணியாலதான் துடைச்சேன். உன் தின்னர்லேயே நனைச்சு."

"துணியாலயா இப்படி வந்துச்சு?"

"நன்னா அழுத்தித் துடைச்சேன்ப்பா. வேற என்ன பண்ணப் போறேன்?"

அர்ஜுனன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சார் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்து, இன்னொரு தடவை துடைத்து, புது கேஸ்கெட்டை வைத்து மூடினான். மறுநாள் வண்டி புகையில்லாமல் ஓடியது. ரஞ்சன் பாபு இருவருக்கும் கச்சோரி வாங்கிக் கொடுத்தார். சுந்தரராஜன் இரண்டு சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து, துர்கா பூஜையின் சஷ்டியன்று சாயங்காலம், ரஞ்சன் பாபு அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பந்தல் பார்க்கப் போனார். வி.ஐ.பி. ரோட்டில், ஊரே தெருவில் இறங்கியிருந்த கூட்டத்துக்கு நடுவே, என்ஜின் கடகடவென்று தட்டி நின்றுவிட்டது. எண்பது வயசு அம்மா இரண்டரை மணி நேரம் பிளாட்பாரத்தில் ஒரு பலூன்காரனின் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைக் கட்டி இழுத்துப் போன வேறொரு கராஜில் என்ஜினைப் பிரித்துப் பார்த்து, பேரிங் எல்லாம் கீறல், எமரி மாதிரி ஏதோ பொடி எண்ணெயோடு கலந்து உள்ளே சுற்றியிருக்கிறது, ஹெட்டைத் திறந்தவன்தான் தேய்த்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள்.

சுந்தரராஜனுக்கு இது அஷ்டமியன்று காலையில் தெரிந்தது. ரஞ்சன் பாபு நேரே மேலே ஏறி வந்தார்.

"நீங்கதானே அன்னிக்கு முழுக்கப் பக்கத்துல இருந்தீங்க? அர்ஜுன் எமரி போட்டுத் தேய்ச்சானா, சொல்லுங்க."

சுந்தரராஜன் கொலுப்படியைப் பார்த்தார். வாசல் கதவைப் பார்த்தார். "நடுவுல கொஞ்ச நேரம் நான் மேலே வந்திருந்தேன்" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மேலே வந்திருந்தார், உண்மைதான். எதற்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ரஞ்சன் பாபுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஹவுசிங் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: மெக்கானிக் அர்ஜுனுக்கு இனி கேட்டுக்குள் அனுமதி கிடையாது, இன்ஜினியர் பாபு இல்லாத நேரம் பார்த்துக் கைவரிசையைக் காட்டிவிட்டான். வரிசையாகக் கட்டை விரல்கள் விழுந்தன. சுந்தரராஜன் போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் திருப்பி, பச்சை நாரில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தார். எமரி காகிதத்தில் இருக்கிற அதே அறுக்கும் பொடிதான் அந்த நாரிலும் ஒட்டியிருக்கிறதாம். என்ஜின் வேலையில் அதைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வழக்கம்போல வசுமதி புத்தகங்களோடு அவருடைய டூல்பாக்ஸையும் மணையில் வைத்துச் சந்தனம் வைத்தாள். ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்தது. அதில் ஒரு துளி எண்ணெய் பட்டதில்லை. சுந்தரராஜனால் அதன் பக்கம் திரும்பவே முடியவில்லை. நான் ஒரு அயோக்கியன் என்று முழு வாக்கியமாகவே மனசுக்குள் ஓடியது. அன்று ராத்திரி வசுமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை, அழவில்லை.

"ஏன்னா, இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவன்கிட்டன்னா சொல்லணும்?" என்றாள்.

சொல்வதற்கு வாய்ப்பு வாசல் தேடி வந்தது. விஜயதசமி கழிந்தால் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டு இனிப்பு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அர்ஜுனன் பத்து வருஷமாகத் தவறியதில்லை. இந்த வருஷமும் வந்தான். கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் செய்து, செக்ரெட்டரி ஆர்டர் இருக்கிறது, விடலாமா என்று கேட்டார். அர்ஜுனன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்பது சுந்தரராஜனுக்குத் தெரிந்தது. "விடுப்பா" என்றார்.

அர்ஜுனன் சந்தேஷ் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, குனிந்து காலைத் தொட்டான். சுந்தரராஜன் கை பழக்கத்தில் தானாக அவன் தலைக்குப் போயிற்று. வைத்த பிறகு எடுக்கவும் தெரியவில்லை.

"சார், உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றான் அவன். "நான் எமரி தொடலை சார், சத்தியமா. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். சைதன்யாதா லேத்துல ஹெட்டை உரசினாரு இல்ல, அந்தப் பொடி கழுவாம தங்கியிருக்கணும். நேரா போய் அவர்கிட்ட கத்திட்டேன். அவரு இல்லவே இல்லைங்கறாரு. இருபது வருஷப் பழக்கம் சார், இனிமே உன் லேத்து வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சமையலறை வாசலில் வசுமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்ப்பது முதுகில் சுட்டது. சுந்தரராஜன், "காபி குடிச்சுட்டுப் போ" என்றார். அவன் குடித்துவிட்டுப் போனான். அன்று முழுக்க வசுமதி அவரோடு பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் ஒப்புக்கொள்ளத்தான் செய்தார். எப்படி ஒப்புக்கொண்டார் என்பதைத்தான் சொல்லவேண்டும். ரஞ்சன் பாபுவிடம் போய், "அந்த விஷயத்துல என் பேர்லயும் தப்பு இருக்கு. நானும் கொஞ்சம் துடைச்சேன்" என்றார். ரஞ்சன் பாபு சிரித்து, அவர் தோளைத் தட்டினார். "புரியுது. உங்க ஊர்க்காரன், பாசம் இருக்கத்தான் செய்யும். அவன் பழியை நீங்க ஏன் தலையில போட்டுக்கறீங்க?" என்றார். வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினார். முப்பத்து நான்கு வருஷம் கோப்பில் எழுதிய கை அல்லவா? மேற்படி பழுதில் கீழே கையொப்பமிட்டவருக்கும் ஓரளவு பொறுப்பு இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது என்கிற தினுசில், யார் செய்தது, என்ன செய்தது என்று எதுவுமே பிடிபடாத ஆங்கிலத்தில் நாலு வரி. உடனே கூப்பிய கைகளும் ரோஜாக்களும் குவிந்தன. என்ன பெரிய மனசு என்றார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார்கள். சுந்தரராஜனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தார்.

மறுநாள் ரஞ்சன் பாபு, "உங்க முகத்துக்காக அவனை மன்னிச்சுடறேன். வரச் சொல்லுங்க" என்றார். அப்பாடா என்று சுந்தரராஜன் உல்டாடாங்காவுக்கு பஸ் ஏறினார். பெரிய பரிசு கொண்டு போகிறவர் மாதிரிதான் போனார்.

கடையில் வேறு வண்டி எதுவும் இல்லை. அர்ஜுனன் ஒரு பழைய பைக்கின் செயினைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தான்.

"மன்னிக்கிறாரா? எதுக்கு சார்? நான் என்ன பண்ணேன்?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அதற்குப் பதிலாக உலகத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அது சுந்தரராஜனிடம் இருந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணினேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால பிளாக்கைத் தேய்ச்சேன். நீ வெச்ச துணியெல்லாம் எடுத்துட்டுத் தேய்ச்சேன். நீ கேட்டப்போ துணின்னு பொய் சொன்னேன். ரஞ்சன் கேட்டப்போ உன்னை மாட்டிவிட்டேன்."

அர்ஜுனன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். செயினிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று சுந்தரராஜன் எதிர்பார்த்தார். அவன் எழுந்து கையைக் கழுவினான், கடை ஷட்டரை இறக்கினான், ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

"ஏறுங்க சார். சைதன்யாதா கிட்ட நான் என்ன சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லுங்க."

மாணிக்தலாச் சந்தில், அர்ஜுனன் அண்ணன் முறையில் 'தா' சேர்த்துக் கூப்பிடும் சைதன்யாவின் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வயசு மனிதர், மூக்கில் கண்ணாடி, பனியன் முழுக்க எண்ணெய். அர்ஜுனனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுந்தரராஜன் தன் பெங்காலியில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சைதன்யா லேத்தை நிறுத்தியிருந்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"அறுபத்தாறு."

"வெட்கமா இல்லையா? இந்தப் பையன் என் வாசல்ல நின்னுக்கிட்டு என்னைத் திருடனைப் பேசற மாதிரி பேசினான். நான் அவனை என்னென்னமோ சொல்லித் துரத்தினேன். பூஜைக்கு ரெண்டு பேர் வீட்டுலயும் சந்தோஷம் இல்லை. நீங்க மாடியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தீங்க. படிச்சவரு!"

சுந்தரராஜன் தலையைக் குனிந்துகொண்டார். முந்தின நாளிலிருந்து பெரிய மனசு, பெரிய மனசு என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன காதுக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றுகூட இருந்தது.

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? உங்க செக்ரெட்டரிக்குச் சொல்லுங்க. இங்கேயே, இப்பவே" என்றார் சைதன்யா.

சுந்தரராஜன் போனை எடுத்து, ஹவுசிங் குழுவில் பேசிப் பதிவு செய்தார். கோப்பு ஆங்கிலம் கைகொடுக்காத இடத்துக்கு வந்துவிட்டதால் பெங்காலியிலேயே பேசினார். அர்ஜுனன் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். அவனிடமும் உங்களிடமும் மறைத்தேன். நான் இன்ஜினியர் இல்லை, ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தவன். ரஞ்சன் பாபுவின் அம்மா தெருவில் உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசலாமா என்று தோன்றியது. அனுப்பிவிட்டார்.

இந்தத் தடவை ரோஜா எதுவும் வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் ரஞ்சன் பாபு கூப்பிட்டார்.

"நிஜமா?" என்று ஒரே வார்த்தை.

"நிஜம்."

ரஞ்சன் பாபு இணைப்பை வெட்டிவிட்டார். சைதன்யா, அர்ஜுனனைப் பார்த்து உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார். அவன் உட்காரவில்லை. "சாரை பஸ் ஏத்திட்டு வந்துடறேன்" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். சால்ட் லேக் போகிற கருணாமயி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சுந்தரராஜன், "அர்ஜுனா" என்றார்.

பஸ் வந்து நின்றது. அர்ஜுனன் எப்போதும்போல அவர் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டான். கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டுவதற்கு முன், கீழே இருந்தபடியே அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அன்னிக்கே நார்னு சொல்லியிருந்தா, கழுவி விட்டுட்டு மூடியிருப்பேன் சார். ஒரு மணி நேர வேலைதான்."